எங்கள் வாசிகசாலை முற்றத்தில் எந்தப் பேய்ப்படத்தை முதலில் போடுவது?

மாதம் ஒரு போயா (பௌர்ணமி) இரவில் பழைய பேய்ப்படம் ஒன்று போடுவதென்று கிளிநொச்சிப் பக்கமிருக்கும் எங்கள் சனசமூக நிலையம் முடிவெடுத்திருக்கிறது. கேட்டது பெடியள், சம்மதித்தது நிர்வாகசபை. எந்தப் படம் முதலில் என்று பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் தந்திருக்கிறார்கள். பென்டிரைவில் சேர்ந்திருப்பவை 1920 முதல் 1973 வரை வந்த படங்கள். எல்லாமே பெயர்பெற்றவை, சினிமா படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பவை. நல்ல படமா என்பது ஒரு கேள்வி. எங்கள் முற்றத்தில் முதல் இரவு போடக்கூடிய படமா என்பது வேறு கேள்வி. நான் பதில் தேடியது இரண்டாவதற்கு.

இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பயம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் குடியிருக்கிறது: வைத்தியரின் மேசை, வழிபாட்டு இடம். ஊசி, கத்தி, வெள்ளை அங்கி, நோயாளியைக் கட்டிலோடு கட்டும் பட்டி ஒரு பக்கம். சிலுவை, மந்திரித்த நீர், மெழுகுதிரி, செபம் மறுபக்கம். நடுவில் ஓர் உடம்பு, அநேகமாகப் பெண்ணின் உடம்பு. அந்த உடம்புக்கு என்ன நடந்தது என்று சொல்லும் உரிமை வைத்தியருக்கா, பூசகருக்கா? அரை நூற்றாண்டாகப் பேய்ப்படங்கள் இந்த இழுபறியில்தான் ஓடியிருக்கின்றன. ஆகவே எது கூடப் பயமுறுத்தும் என்று நான் அளக்கவில்லை. வைத்தியத்தையும் வழிபாட்டையும் ஒவ்வொரு படமும் எப்படிக் காட்டுகிறது, அந்தக் காட்சி எங்கள் சனத்துக்கு என்ன செய்யும் என்றே பார்த்தேன்.

முற்றத்தில் வந்து இருக்கப்போகிறவர்கள் யார் என்பதை மறந்துவிட்டுப் படத்தைத் தெரிவு செய்வது சரியில்லை. பாயில் முன்னுக்கு இருக்கிற சிறுசுகளை எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. தாய்மாரோடு வந்தவர்கள் தாய்மாரோடுதான் போவார்கள். கதிரையில் இருப்பவர்களில் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். உடம்புக்குள் இன்னும் செல் பீஸோடு (எறிகணைத் துண்டோடு) திரிபவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் எந்த இடத்தில் குத்தும் என்று தொட்டுக் காட்டுவார்கள். 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மேல் செல் விழுந்ததும், மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலை அடிவாங்கியதும் அவர்களுக்குச் செய்தியில் படித்த விசயங்கள் அல்ல. மருந்தில்லாத நாட்களில் வைத்தியர் கத்தியை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இவர்களில் உண்டு. பேய்ப்படம் போடப்போகிறோம் என்று சொன்னபோது ஓர் அம்மா கேட்ட ஒரே கேள்வி இது: “தம்பி, ஆஸ்பத்திரி வருமே அதுக்குள்ள? வந்தால் நான் வரேல்லை.” பேய் வருமா என்று அவர் கேட்கவில்லை.

வழிபாட்டுப் பக்கத்திலும் எங்கள் நிலைமை இந்தப் படங்களை எடுத்தவர்களின் நிலைமை போன்றதல்ல. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்கப் போகிறவர்களில் வைத்தியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். வயலில் பாம்பு கடித்தால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம், ஓடுகிற வழியிலேயே புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைப்போம். பாம்புக்கடிக்குக் காப்பென்று மடு மாதா கோயிலில் இருந்து மண் எடுத்து வருவதில் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்ற பிரிவு இல்லை. 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வந்தபோது குருமார் மடு மாதாவின் சொரூபத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு இடம்பெயர வேண்டியிருந்தது. தெய்வமும் எங்களோடு இடம்பெயர்ந்த ஊர் இது. குளிசையும் நூலும் ஒரே கையில் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. கேட்கிறவை இந்தப் படங்கள்தான். அதனால்தான் எது முதலில் என்பது எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை.

பெடியள் ஒற்றைக் குரலில் கேட்பது ‘எக்ஸோசிஸ்ட்’. வில்லியம் ஃபிரீட்கின் இயக்கி 1973 டிசம்பரில் வந்த படம், திரைக்கதைக்கும் ஒலிக்கும் ஒஸ்கார் எடுத்தது. பேயோட்டும் படம் என்று எல்லோரும் சொன்னாலும், அதன் முதல் பாதி முழுக்க ஒரு வைத்தியப் படம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ரீகனுக்கு ஏதோ செய்கிறது. தாய் அவளை வைத்தியர் வைத்தியராகக் கொண்டு திரிகிறாள். மூளையின் ஒரு பக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்கிறார்கள். கழுத்து நாடிக்குள் ஊசி ஏற்றி, சாயம் செலுத்திப் படம் எடுக்கும் காட்சி வருகிறது. இரத்தம் பீறிடும், இயந்திரம் அடித்த அடிக்குக் கட்டிலே நடுங்கும், பிள்ளை கட்டிய நிலையில் கிடக்கும். அதற்குப் பின்னணி இசை கிடையாது. ஃபிரீட்கின் ஆவணப்படங்களில் இருந்து வந்தவர் என்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரியும். தலை திரும்புவதையும் பச்சை வாந்தியையும் பார்த்துச் சிரித்தவர்கள்கூட இந்தக் காட்சியில் முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். நானும் இதைத்தான் படத்தின் மிகப் பயங்கரமான இடம் என்பேன்.

அடுத்து வருவதுதான் படத்தின் உண்மையான திருப்பம். பெரிய மேசையைச் சுற்றி இருக்கும் வைத்தியர்கள் பேயோட்டலைத் தாங்களே முன்மொழிகிறார்கள். பேய் இருக்கிறதென்று அவர்கள் நம்பவில்லை. தன்னைப் பேய் பிடித்திருப்பதாகப் பிள்ளை நம்பினால், பேய் போய்விட்டது என்ற நம்பிக்கையும் அவளைச் சுகப்படுத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. கராஸ் என்ற இயேசு சபைக் குருவானவர் மனநோய் வைத்தியரும்கூட. அங்கியும் மருத்துவமும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. அவருடைய தாய், வசதியில்லாத காரணத்தால், பொது மனநோய் விடுதியில் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடப்பாள். பிள்ளை குருவானவராகப் போகாமல் வைத்தியராக உழைத்திருந்தால் தாய்க்கு இந்தக் கதி வந்திருக்காது என்று உறவுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லுவார். பிசாசு பிறகு அவரைப் பிடிப்பது அந்தக் குற்றவுணர்ச்சியில்தான். இவ்வளவு நுட்பமான படம் இது.

இருந்தும் முதல் இரவுக்கு வேண்டாம் என்கிறேன். கடைசியில் படம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. வைத்தியம் முழுக்கத் தோற்கிறது, பிசாசு உண்மையாகிவிடுகிறது, வழிபாடு உயிரைக் கொடுத்து வெல்கிறது. வாஷிங்டனில் பார்க்கிறவருக்கு அது கதை. வலிப்பு வந்த பிள்ளையை முதலில் எங்கே கொண்டுபோவது என்று இன்றைக்கும் வீட்டுக்குள் வாக்குவாதம் நடக்கும் ஊரில் அது ஆலோசனையாகப் போய்விடும். அடுத்த நாள் காலையில் யாராவது, “படத்திலயும் டொக்டர்மார் கைவிட்டுத்தானே” என்று சொல்வதற்கு இடம்கொடுக்க எனக்கு மனமில்லை. கிளினிக்குக்குப் போவதை ஊர் பார்த்துவிடும் என்று பயந்து மருந்தை இடையில் நிறுத்துகிறவர்கள் இருக்கும்போது, இந்தப் படத்தைத் தனியாக விட்டுவிடக் கூடாது. கூட இருந்து விளக்க ஆள் வேண்டும்.

அந்த அம்மாவின் கேள்வியை வைத்தே முடிவு எடுக்கக்கூடிய படம் ஜோர்ஜ் ஃபிரான்ஜுவின் ‘முகமில்லாத கண்கள்’, பிரான்சில் 1960இல் வந்தது. பெயர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர். தான் ஓட்டிய கார் மோதியதில் மகளின் முகம் சிதைந்துவிட, ஊர்ப் பெண்களைக் கடத்தி வந்து அவர்களின் முகத்தோலை உரித்து மகளுக்குப் பொருத்தப் பார்க்கிறார். சத்திரசிகிச்சைக் காட்சியில் கமெரா விலகாது. பென்சிலால் முகத்தைச் சுற்றிக் கோடு, கோட்டின் மேல் கத்தி, பிறகு இடுக்கியால் தோலைத் தூக்குவது. மகளாக வரும் எடித் ஸ்கொப் படம் முழுக்க வெள்ளை முகமூடியோடு நடக்கிறார். கண் மட்டும்தான் நடிக்கும். புறாக்கள் சுற்றிப் பறக்க அவர் இரவுக்குள் நடந்துபோகும் முடிவில் தேவாலயச் சித்திரத்துப் புனிதை ஒருத்தியைப் பார்ப்பது போலிருக்கும். இந்தப் பட்டியலில் ஆக அழகான படம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். ஆனால் எரிகாயத்தோடு முகத்தை முந்தானையால் மறைத்து வரும் பெண்கள் முன்னால் அந்தக் கத்தியைத் திரையளவுக்குப் பெருப்பித்துக் காட்டமாட்டேன். விரும்புகிறவர்கள் வீட்டில் தனியே பார்க்கட்டும். பொதுவில் வேண்டாம்.

‘பிராங்கன்ஸ்டைன்’ இரண்டாவது பரிந்துரையாக நிர்வாகசபையில் வந்தது. ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்தது, 70 நிமிடந்தான். வேல் முதலாம் உலகப் போரில் சண்டை பிடித்து ஜேர்மனியரிடம் சிறைப்பட்டவர். அது தெரிந்து பார்த்தால், பிணங்களைத் தைத்து உண்டாக்கிய அந்த உடம்பு வேறு மாதிரித் தெரியும். படம் தொடங்குவதே ஒரு சவஅடக்கத்தில். குழி, அழுகிறவர்கள், பின்னால் சிலுவையும் மரணத்தின் சிலையும். வைத்தியக் கல்லூரியில் இருந்து மூளை திருடப்படுகிறது. உயிர் வந்தவுடன் பிராங்கன்ஸ்டைன், கடவுளாக இருப்பது எப்படியென்று இப்போது தெரிகிறது என்று கத்துவான். பிந்திய வெளியீடுகளில் தணிக்கைக்காக அந்த வசனத்தை இடிமுழக்கத்தால் மூடிவிட்டார்கள்.

இந்தப் படத்தில் நான் நின்று பார்க்கும் இடம் வேறு. கூரையில் இருக்கும் சாளரத்தைப் பிராங்கன்ஸ்டைன் திறக்கிறான். பிறந்ததில் இருந்து இருட்டில் கிடந்த உருவத்தின் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. போரிஸ் கார்லோஃப் மெல்ல எழுந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். கோயில் வாசலில் கையுயர்த்தி நிற்பவரின் கைகள் அவை. சாளரம் மூடப்படுகிறது. கைகள் அப்படியே விரிந்து, என்ன நடந்தது என்று கேட்பதுபோல் நிற்கின்றன. பிறகு வருவது தீப்பந்தம், சங்கிலி, ஊரே திரண்டு துரத்துவது. செயற்கைக் காலோடு நடக்கிற எங்கள் ஆட்கள் பக்கம் பிடிக்கப்போவது யாரை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1935இல் வேல் எடுத்த தொடர்ச்சியில் கண் தெரியாத துறவி ஒருவர் அந்த உருவத்துக்கு ரொட்டியும் வைனும் கொடுத்து, பக்கத்தில் இருந்து செபிப்பார். காட்சி இருட்டாகும்போது சுவரில் இருக்கும் சிலுவை மட்டும் கொஞ்ச நேரம் ஒளிரும். பேய்ப்படங்களில் மதம் இவ்வளவு இரக்கமாக வந்த இடம் குறைவு. முதலாவது படத்தில் ஒரு சிறுமி தண்ணீரில் மூழ்குவது வருகிறது. நந்திக்கடலோரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் இரவுக்கு அது ஒரு தடை. மூன்றாம் மாதத்துக்கு நல்ல படம்.

பழமை என்று பார்த்தால் ‘டொக்டர் கலிகாரியின் அறை’ முதலில் வரவேண்டும், 1920இன் ஜேர்மன் படம். கோணல்மாணலாகத் தீட்டிய வீடுகளும் தெருக்களும் பார்க்கப் பெரிய சுவாரசியம். ஆனால் நித்திரையில் நடப்பவனை ஏவிக் கொலை செய்விக்கிறவர் மனநோய் விடுதியின் பொறுப்பாளர் என்றும், பிறகு அதைச் சொன்னவனே அங்கே நோயாளி என்றும் கதை புரளும். மனநோய் வைத்தியரிடம் போகத் தயங்குகிற ஊருக்கு இது முதல் அறிமுகமாக இருக்கக் கூடாது. பேலா லுகோசி நடித்த 1931இன் ‘டிராகுலா’வில் வைத்தியரே சிலுவையைக் கையில் எடுத்து விரட்டுகிறார், கேட்க நல்ல விசயம், பார்க்க மேடை நாடகம் போல் இழுபடும். விட்டுவிடலாம்.

‘ஹக்ஸன்’ பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வைத்தியமும் மதமும் என்ற விசயத்தை நேரடியாகவே எடுத்துப் பேசும் படம் அது ஒன்றுதான். பெஞ்சமின் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க்காரர் சுவீடன் நிறுவனத்துக்காக எடுத்து 1922இல் வெளியிட்டார். பிசாசாக நடித்ததும் அவரேதான். நடுக்கால ஐரோப்பாவில் சூனியக்காரி என்று பெண்களைப் பிடித்து, வதைத்து, எரித்ததைப் படிப்படியாகக் காட்டுகிறது. கடைசி அத்தியாயம் அவர் காலத்துக்கு வருகிறது. அன்று சூனியக்காரி என்று எரித்தவர்களை இன்று ஹிஸ்டீரியா நோயாளி என்று வைத்தியர் அழைக்கிறார், விடுதியில் வைத்து மருந்து கொடுக்கிறார் என்கிறது படம். குருமாரின் மூடத்தனத்துக்கு விஞ்ஞானம் மருந்து என்ற உற்சாகம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஹிஸ்டீரியா என்ற நோயையே 1980இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் இருந்து எடுத்துவிட்டார்கள். பூசகரின் தீர்ப்பைத் தள்ளிவிட்டு வந்த வைத்தியரின் தீர்ப்பும் நிலைக்கவில்லை; இரண்டு தடவையும் அந்தப் பெண் தனக்கு என்ன நடந்தது என்று சொன்னதைக் கேட்க ஆளிருக்கவில்லை. வாசகர் வட்டத்தில் பத்துப் பேர் இருந்து ஒரு பகல் முழுக்கக் கதைக்க இதைவிட நல்ல படம் கிடையாது. வதைக் கருவிகளை வரிசையாகக் காட்டும் பகுதி இருப்பதால் இரவில், முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால் போட முடியாது. தடுப்புக்காவலில் இருந்து வந்தவர்களும் அந்த முற்றத்தில்தான் இருப்பார்கள்.

கடைசியில் என் கையில் மிஞ்சியவை இரண்டு.

ஒன்று முர்னோவின் ‘நொஸ்ஃபெராட்டு’, 1922. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை அனுமதியில்லாமல் எடுத்ததற்காக அவருடைய மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வாங்கினார். தப்பிய பிரதிகளால்தான் இன்று பார்க்கிறோம். இரத்தம் குடிக்கும் பேயாக நடித்த மக்ஸ் ஷ்ரெக்கின் நீண்ட விரல்களும் எலிப்பற்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது கொள்ளைநோய். கப்பலில் எலிகளோடும் மண் நிரப்பிய பெட்டிகளோடும் அவன் வருகிறான், ஊரில் சனம் சாகத் தொடங்குகிறது. பறையறைந்து அறிவித்தல் வாசிக்கிறார்கள், கதவு யன்னல்களைச் சனம் சாத்துகிறது. ஒருவர் வீடு வீடாகப் போய்க் கதவில் சோக்கால் சிலுவைக் குறி போடுகிறார். டிராகுலா படங்களில் காப்பாக வரும் சிலுவை இங்கே சாவீட்டின் அடையாளம். ஒடுங்கிய தெருவில் சவப்பெட்டிகள் வரிசையாக வருவதைக் கதாநாயகி எல்லன் யன்னலில் நின்று பார்க்கிறாள். பேராசிரியர் ஒருவர் பூச்சி தின்னும் செடியை மாணவருக்குக் காட்டிப் படிப்பிக்கிறார்; ஊருக்கு அவரால் ஆவதொன்றும் இல்லை. குருமாரும் வந்து காப்பாற்றுவதில்லை. வைத்தியத்தையும் மதத்தையும் ஒன்றுக்கொன்று மேலாக வைக்காமல், இரண்டும் கையறுந்து நின்ற ஒரு காலத்தை இந்தப் படம் காட்டுகிறது. எங்களுக்கு அது விளங்கும்.

ஊமைப்படம் என்பது இங்கே பெரிய வசதி. இடையில் வரும் எழுத்துகளை ஒருவர் ஒலிவாங்கியில் தமிழில் வாசித்தால் போதும். கோவலன் கூத்தில் அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு அது புதிதாகவும் இராது. ஒரு விசயத்தில்தான் நான் தயங்குகிறேன். தூய்மையான பெண் ஒருத்தி தன் இரத்தத்தைத் தானாகக் கொடுத்து, விடியும்வரை அவனை மறித்து வைத்தால் ஊர் பிழைக்கும் என்பதுதான் கதையின் தீர்வு. அவள் செத்து ஊர் பிழைக்கிறது. ஊருக்காகப் பிள்ளைகள் தங்களைக் கொடுத்த மண்ணில் அந்த முடிவை முதல் இரவிலேயே போட்டுவிட்டுக் கைதட்ட வைக்க என்னால் முடியாது. அதைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு இன்னும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரண்டாம் மாதத்துக்கு இது.

முதல் இரவுக்கு என் தெரிவு ‘ஐ வோக்ட் வித் அ ஸொம்பி’. ஆர்கேஓ நிறுவனத்துக்காக வால் லியூட்டன் தயாரித்து ஜாக் டேர்னர் 1943இல் இயக்கியது. 69 நிமிடம், கறுப்பு வெள்ளை. பெடியள் பெயரைக் கேட்டவுடன் இறைச்சி தின்னும் பிணங்களை எதிர்பார்ப்பார்கள். அது இதில் கிடையாது. அந்த வகை ஸொம்பி பிற்காலத்தில் வந்தது. இதில் வருபவள் நடப்பாள், சொன்னதைச் செய்வாள், பேசமாட்டாள், அவ்வளவுதான். இரத்தம் ஒரு துளிகூட இல்லை. அதைக் கவனித்துத்தான் படத்தின் ஒரு முக்கியக் காட்சியே அமைந்திருக்கிறது: வாளால் கையில் கீறிப் பார்க்கிறார்கள், இரத்தம் வரவில்லை.

கதை ஒரு தாதியின் கதை. கனடாவில் இருந்து பெட்சி என்ற இளம் தாதி கரிபியன் தீவொன்றுக்கு வேலைக்கு வருகிறாள். கரும்புத்தோட்ட முதலாளியின் மனைவி ஜெசிக்காவைப் பராமரிப்பது வேலை. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இப்படியாகிவிட்டாள் என்கிறார் வைத்தியர். ஸொம்பியாகிவிட்டாள் என்கிறார்கள் வேலைக்காரர். இன்சுலின் அதிர்ச்சிச் சிகிச்சை செய்து பார்க்கிறார்கள், பலனில்லை. வேறு வழியில்லாமல் பெட்சி நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு இரவோடிரவாகக் கரும்புக்காட்டுக்கு நடுவால் ஊர்க்காரரின் வழிபாட்டு இடத்துக்கு நடக்கிறாள். அந்த நடையை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். பேச்சில்லை. கரும்பு உரசும் ஓசையும் காற்றும் மட்டும். வெள்ளைச் சட்டையில் ஒருத்தி, கறுப்புப் போர்வையில் தாதி. வழியில் கட்டித் தொங்கும் ஆடு, தரையில் மண்டையோடு, பிறகு திடீரென்று கண்ணிமைக்காமல் நிற்கும் உயர்ந்த மனிதர் ஒருவர். யாரும் பாய்வதில்லை, கடிப்பதில்லை. வைத்தியம் பார்க்கிறவள் நோயாளியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள், அவ்வளவே. இந்த நடையை எங்கள் ஊரில் எத்தனை தாய்மார் நடந்திருப்பார்கள்!

போய்ச் சேர்ந்த இடத்தில்தான் இந்தப் படத்தை நான் தெரிவு செய்ததன் காரணம் இருக்கிறது. சனம் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று, உள்ளே இருக்கும் தெய்வத்திடம் குறை சொல்லி வாக்குக் கேட்கிறது. பெட்சியின் முறை வரும்போது கதவு திறந்து ஒரு கை அவளை உள்ளே இழுக்கிறது. உள்ளே இருப்பவர் முதலாளியின் தாய், மதபோதகர் ஒருவரின் விதவை, ஊருக்கு மருந்து கொடுக்கிறவர். அவர் சொல்லும் விளக்கத்தை நான் சுருக்கித் தருகிறேன். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் குடிக்கிற தண்ணியைக் கொதிக்கவைக்கச் சொல்லி எத்தனையோ தரம் கெஞ்சினேன், கேட்கவில்லை. கொதிக்கவைத்தால் தெய்வம் மகிழ்ந்து தண்ணிக்குள் இருக்கும் கெட்ட ஆவிகளைக் கொல்லும் என்று சொன்னேன். அன்றில் இருந்து அவள் கொதிக்கவைக்கிறாள். கொதித்தாறின தண்ணீர் என்று முகாமில் ஒலிபெருக்கியில் காலை மாலை கேட்டு வந்த எங்கள் சனம் இந்த இடத்தில் நிமிர்ந்து இருக்கும். அந்த அம்மா செய்தது நல்ல காரியமா, ஏமாற்றா? படம் தீர்ப்புச் சொல்வதில்லை. அதே அம்மா பின்னர், மருமகளை ஸொம்பியாக்கச் சொல்லித் தானே அந்தப் பூசகரிடம் கேட்டதாகவும் சொல்வார். நம்பிக்கையைக் கருவியாக எடுத்தவர் அந்தக் கருவியின் பிடியிலேயே அகப்படுகிறார். வைத்தியர் அதை மறுத்து, காய்ச்சல்தான் காரணம் என்பார். இரண்டு விளக்கமும் கடைசிவரை அருகருகே நிற்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் மனதுக்கு நெருக்கம். வீட்டு முற்றத்தில் ஒரு மரச்சிலை நிற்கிறது, அம்புகள் தைத்த புனித செபஸ்தியார். அது அடிமைகளைச் சங்கிலியில் ஏற்றி வந்த கப்பலின் முகப்பில் இருந்த சிலை. தீவுக்கு வந்த அன்று வண்டியோட்டி அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல, இவ்வளவு அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள் என்கிறாள் பெட்சி. நீங்கள் அப்படிச் சொன்னால் சரி என்று மட்டும் பதில் வருகிறது. இரவில் ஓர் அழுகைச் சத்தம் கேட்கும்; பார்த்தால் வீட்டில் பிள்ளை பிறந்ததற்காக வேலைக்காரப் பெண் அழுகிறாள். அடிமைக் காலத்தில் இருந்து அவர்கள் பிறப்புக்கு அழுது சாவுக்கு மகிழ்கிறவர்கள் என்று விளக்கம் வரும். மதச் சின்னம் ஒன்று சனத்தின் காயத்தைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டு நிற்பதை வேறெந்தப் பழைய பேய்ப்படத்திலும் நான் இப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு முள்ளிவாய்க்காலை நினைக்காமல் எங்கள் ஆட்கள் எழும்பமாட்டார்கள். நினைக்கட்டும். சத்திரசிகிச்சைக் கத்தியும் இரத்தமும் காட்டாமல் அந்த நினைவைத் தொடுகிற படம் இது.

குறை இல்லாமல் இல்லை. கறுப்பு மக்களின் வழிபாட்டை ஹொலிவூட் வெள்ளையர் எடுத்த படம். கதையின் நடுவில் இருப்பவர்கள் வெள்ளைக் குடும்பத்தார்தான். இருந்தும் அந்தக் காலத்து மற்றப் படங்கள் போல் ஊர்ச்சனத்தைக் கோமாளியாக்கவோ வழிபாட்டைக் காட்டுமிராண்டித்தனம் என்று சிரிக்கவோ இது முயலவில்லை. உருவாடுதலையும் வாக்குச் சொல்லுதலையும் மரியாதையோடு பார்க்கிறது. சிலருக்குப் போரின் காயத்தோடு வாழ மருந்து உதவியிருக்கிறது, சிலருக்குக் கோயிற்சடங்கு, பலருக்கு இரண்டும். சடங்குகளும் ஆற்றும் வழிதான் என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். எங்கள் வாழ்க்கைக்கு ஒத்துப்போகிற படம் எது என்று பார்த்தால், இந்த வரிசையில் இதுதான் கிட்ட நிற்கிறது.

பேச்சு ஆங்கிலம் என்பதால் தமிழ் சப்டைட்டில் தேவை. வசனம் குறைந்த படம். கணினி வகுப்புப் பெடியள் இரண்டு பேர் இருந்தால் ஒரு கிழமையில் முடிப்பார்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு முக்கியமான இடங்களில் ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும், குறிப்பாகக் கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சை. நோயாளி, தாதி, சிகிச்சை என்று வருவதால் தொடங்கும் முன்னரே அதைச் சொல்லிவிட வேண்டும், எழும்பிப் போக விரும்புகிறவருக்கு வழிவிட்டுக் கதிரைகளைப் போட வேண்டும். கேள்வி கேட்ட அந்த அம்மாவிடம் நானே போய், தாதியும் சிகிச்சையும் வரும், சத்திரசிகிச்சைக் கத்தி வராது என்று சொல்கிறேன். வருவதும் விடுவதும் அவர் விருப்பம். படம் முடிந்தவுடன் லைட்டைப் போட்டுவிட்டுக் கலையாமல், அரை மணித்தியாலம் தேத்தண்ணியோடு கதைக்க ஒதுக்கலாம். தொடக்கக் கேள்வியாகத் தண்ணி கொதிக்கவைத்த பெண்ணின் கதையைப் போடலாம்.

இரண்டாம் மாதம் ‘நொஸ்ஃபெராட்டு’, வாசிக்க நல்ல குரல் உள்ள ஒருவரை இப்போதே பிடித்து வைப்பது நல்லது. மூன்றாம் மாதம் ‘பிராங்கன்ஸ்டைன்’. ‘ஹக்ஸன்’ வாசகர் வட்டத்துக்கு, பகலில். ‘எக்ஸோசிஸ்ட்’ கேட்கிற பெடியளுக்கு நான் சொல்வது: மறுக்கவில்லை, பிற்போடுகிறேன். மனநலப் பிரிவில் வேலை செய்கிற ஒருவர் வந்து, படம் முடிய எழும்பி நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டால் அதையும் போடுவோம், பெரியவர்களுக்கு மட்டும், மண்டபத்துக்குள். அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால் அந்தப் படம் பென்டிரைவிலேயே இருக்கட்டும்.